உங்கள் ரி.வியின் சாவி யார் கையில்? நிலைபொருள் மாற்றத்துக்கு ஓர் ஆரம்ப அறிமுகம்

2021ஆம் ஆண்டு யூலை மாதம் தென்னாபிரிக்காவில் பெரும் கலவரம் மூண்டது. குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் கடைகளும் களஞ்சியங்களும் சூறையாடப்பட்டன. சம்சுங் நிறுவனத்தின் களஞ்சியம் ஒன்றும் அதில் அகப்பட்டது. அடுத்த மாதமே அந்நிறுவனம் ஓர் அறிவித்தல் விடுத்தது: கொள்ளைபோன தொலைக்காட்சிகள் இணையத்தில் இணைந்த உடனேயே அவற்றின் தொடர் இலக்கத்தைக் கண்டுபிடித்துத் தொலைவிலிருந்தே செயலிழக்கச் செய்வோம் என்று. அத்தோடு இன்னொன்றையும் சொன்னார்கள். இந்த வசதி தங்களுடைய தொலைக்காட்சிகள் அனைத்திலும் ஏற்கெனவே பதியப்பட்டே வருகிறதாம்.

கள்ளனுக்கு எதிரான ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கி எங்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கும் பெட்டிக்குள்ளும் அதே கதவு இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அந்தக் கதவு இருக்கும் இடத்தின் பெயர்தான் நிலைபொருள். ஆங்கிலத்தில் ஃபேர்ம்வெயார் என்பார்கள். அதை மாற்ற முடியுமா, மாற்றலாமா, எங்கே தொடங்குவது என்று கேட்கும் வாசகர்களுக்காக இந்தக் கட்டுரை. கணினி படித்தவர்களுக்குப் புதிதாக எதுவும் இதில் இல்லை. வீட்டில் எல்லாருக்கும் றிமோட்டைச் சரிசெய்து கொடுக்கும் பிள்ளைக்கும், அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கும் இது எழுதப்படுகிறது.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இன்றைய ஸ்மார்ட் ரி.வி என்பது பெரிய திரை பூட்டிய ஒரு கணினி. அதில் ஒரு செயலி, கொஞ்சம் தற்காலிக நினைவகம், பலகையோடு ஈயம் வைத்து ஒட்டப்பட்ட ஒரு சேமிப்புச் சிப் இருக்கும். அந்தச் சிப்பில் பதிந்து கிடக்கும் மென்பொருள்தான் நிலைபொருள். எந்த நிறுவனப் பெட்டி என்றாலும் ஆழத்தில் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ்தான். எல்ஜியின் வெப்ஓஎஸ் 2009இல் பாம் நிறுவனம் கைத்தொலைபேசிக்காகச் செய்தது; எச்பி கைமாறி 2013இல் எல்ஜியிடம் வந்து, 2014இலிருந்து ரி.விகளில் ஓடுகிறது. சம்சுங் 2015இலிருந்து ரைசன் என்ற அமைப்பை வைத்திருக்கிறது. சோனி போன்றவை கூகுளின் அன்ட்ரொயிட் ரி.வியைப் பயன்படுத்துகின்றன. மூன்றுக்கும் அடித்தளம் லினக்ஸ்.

லினக்ஸ் என்பதால் ஒரு விசேஷம் உண்டு. அதன் உரிமப்படி, அதை வைத்துச் சாதனம் விற்பவர் அதன் மூல நிரலை வாங்கியவருக்குக் கொடுக்கவேண்டும். 2009 அளவில் சமிகோ என்ற பெயரில் ஆர்வலர்கள் சம்சுங் ரி.விகளைத் திறந்து பார்க்கத் தொடங்கியபோது இந்த மூல நிரல் பெரிதும் கைகொடுத்தது. விசியோ நிறுவனம் அதை முழுமையாகத் தரவில்லை என்று சொல்லி, சொஃப்ட்வெயார் ஃபிரீடம் கொன்சேர்வன்சி என்ற அமைப்பு 2021 ஒக்ரோபரில் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. படைப்பாளியாக அல்ல, ரி.வி வாங்கிய நுகர்வோராக நின்று அந்த அமைப்பு இதைக் கேட்டது என்பதுதான் அந்த வழக்கின் புதுமை.

மின்சாரம் கொடுத்ததும் பெட்டி எப்படி எழும்புகிறது என்பதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் இலகு. சிப்புக்குள் மாற்றவே முடியாதபடி பொறிக்கப்பட்ட ஒரு சிறு நிரல் முதலில் விழிக்கும். அது பூட்லோடர் என்ற அடுத்த நிரலை எழுப்பும். பூட்லோடர் லினக்ஸின் கருவை எழுப்பும். கரு முழு அமைப்பையும் எழுப்பும். ஒவ்வொருவரும் அடுத்தவரை எழுப்ப முன்னர் அவரிடம் நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இது எழுத்தில் அல்ல, கணித முறையில் இடப்படும் முத்திரை. போலி செய்வது நடைமுறையில் முடியாத காரியம். நீங்கள் நிலைபொருளில் ஒரு எழுத்தை மாற்றினாலும் முத்திரை பிழைத்துவிடும், பெட்டி எழும்பாது. ஆகவே கணினியில் விண்டோசை அழித்து வேறொன்றைப் போடுவதைப்போல ரி.வியில் செய்யலாம் என்ற எண்ணத்தோடு யாரும் தொடங்கவேண்டாம். அமைப்புப் பகுதி படிக்க மட்டும் உரிய வடிவில் பூட்டிக் கிடக்கும். உங்கள் கணக்குகள், செயலிகள், விருப்பங்கள் எல்லாம் எழுதக்கூடிய வேறு ஒரு பகுதியில் இருக்கும். இந்த இரண்டு பகுதிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கீழே பலமுறை தேவைப்படும்.

ஏற்கெனவே மாற்றப்பட்ட பெட்டி

நிலைபொருள் மாற்றம் என்றதும் எங்கள் ஆட்களில் பலர் தங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைப்பார்கள். உண்மையில் பல வீடுகளில் அது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. ரி.விக்குக் கீழே, ஒரு கறுப்புப் பெட்டியாக.

கடையில் சொல்வது எல்லாருக்கும் தெரியும். "அக்கா, இதுக்கு மாசக் காசு ஒண்டும் இல்லை. ஒருக்கா வாங்கினால் சரி, எல்லாச் சனலும் வரும்." ஊர்ச் செய்தியும் தொடர் நாடகமும் புதுப்படமும் ஒரே இடத்தில் கிடைப்பதென்றால், குளிர்நாட்டில் நாள் முழுவதும் வீட்டுக்குள் இருக்கும் அம்மம்மாவுக்கு அது பெரிய ஆறுதல். இதை நான் கேலி செய்யவில்லை. அந்தப் பெட்டியில் ஓடும் நிலைபொருளை யார் செய்தார்கள் என்பதுதான் கேள்வி. அதில் இருப்பது கூகுளின் சான்று பெற்ற அன்ட்ரொயிட் ரி.வி அல்ல. இலவசமாகக் கிடைக்கும் அன்ட்ரொயிட் மூல நிரலை எடுத்து, பெயர் தெரியாத யாரோ தங்களுக்கு வேண்டியதைச் சேர்த்துப் பதித்த ஒன்று.

என்ன சேர்த்தார்கள் என்பதற்குப் பதிவுகள் இருக்கின்றன. 2023இல் பாட்பொக்ஸ் என்ற தீநிரல் பற்றிய விபரங்கள் வெளிவந்தன. மலிவான அன்ட்ரொயிட் பெட்டிகளில் அது விற்பனைக்கு முன்னரே, நிலைபொருளுக்குள்ளேயே பதியப்பட்டிருந்தது. 2024 டிசம்பரில் ஜேர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம், அந்த நாட்டில் மட்டும் 30,000 வரையிலான சாதனங்கள் பாட்பொக்சுடன் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டு அந்தத் தொடர்பைத் திசைதிருப்பி அறுத்தது. அவற்றில் மின்னணுப் படச்சட்டங்களும் இருந்தன, ஊடகப் பெட்டிகளும் இருந்தன. 2025 யூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ பொது எச்சரிக்கை விடுத்தது. அடுத்த மாதம் கூகுள் நியூயோர்க்கில் தொடுத்த வழக்கில், பாதிக்கப்பட்ட சான்றில்லாச் சாதனங்கள் ஒரு கோடிக்கு மேல் என்று சொல்லப்பட்டது.

இந்தத் தீநிரல் உங்கள் வங்கிக் கணக்கைத் துடைத்தெடுக்கும் வகை என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பிரதான தொழில் வேறு. உங்கள் வீட்டு இணைய இணைப்பை அது பிறருக்கு வாடகைக்கு விடுகிறது. எங்கோ இருக்கும் ஒருவர் செய்யும் மோசடி, உங்கள் வீட்டு இணைய முகவரியிலிருந்து நடந்ததாக வெளியுலகத்துக்குத் தெரியும். போலிக் கணக்குகள் திறப்பது, விளம்பர மோசடி, திருடிய கடவுச்சொற்களைப் பரிசோதிப்பது எல்லாம் அந்த முகவரியால் போகும். அகதி விண்ணப்பமோ குடியுரிமை விண்ணப்பமோ நிலுவையில் இருக்கும் ஒரு குடும்பத்தின் வாசலில் பொலிஸ் வந்து "உங்கள் இணைப்பிலிருந்து இது நடந்திருக்கிறது" என்று கேட்டால், "நாங்கள் நாடகம்தான் பார்த்தோம்" என்று விளங்கப்படுத்துவது எவ்வளவு பாடு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இப்படியான பெட்டியை "ஃபக்டரி ரீசெட்" செய்தால் சுத்தமாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆகாது. மேலே சொன்ன இரண்டு பகுதிகளை நினைத்துப் பாருங்கள். ரீசெட் அழிப்பது உங்களுடைய பகுதியை. தீநிரல் இருப்பது அமைப்புப் பகுதியில். வீட்டைக் கழுவினாலும் அத்திவாரத்துக்குள் இருப்பது போகாது.

அடையாளங்கள் சில சொல்லலாம். பெட்டியில் கேள்விப்படாத பெயர், அல்லது பெயரே இல்லை. கூகுள் பிளேயின் பாதுகாப்பை அணைக்கச் சொல்கிறது. செயலிகளுக்கு வேறொரு சந்தையைக் காட்டுகிறது. "எல்லாம் திறந்துவிடப்பட்டது, எல்லாம் இலவசம்" என்று விளம்பரம் செய்கிறது. ஒன்றுக்கு மேற்பட்டவை பொருந்தினால் அதன் வை-ஃபையைத் துண்டியுங்கள். துண்டித்த பெட்டிக்கு ஒரு நல்ல உபயோகமும் இருக்கலாம்; பின்னால் வருகிறேன்.

கை வைக்காமல் செய்யக்கூடியவை

இனி உங்கள் சொந்த ரி.விக்கு வருவோம். நிலைபொருளை மாற்றவேண்டும் என்று கேட்பவர்களிடம் ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள்தான் வரும்: விளம்பரம் வருகிறது, பெட்டி மெதுவாகிவிட்டது, நாங்கள் பார்ப்பதை அது உளவு பார்க்கிறதாம். இந்த மூன்றுக்கும் நிலைபொருளைத் தொடத் தேவையில்லை.

உளவு என்பது மிகைச்சொல் அல்ல. திரையில் ஓடும் படத்தின் கைரேகையைச் சிறு சிறு துண்டாக எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பி, நீங்கள் பார்ப்பது எது என்று இனங்காணும் முறை பல ரி.விகளில் இருக்கிறது. 1 கோடியே 10 இலட்சம் ரி.விகளில் சம்மதம் கேட்காமல் இதைச் செய்ததற்காக விசியோ நிறுவனம் 2017இல் 22 இலட்சம் டொலர் கொடுத்து அமெரிக்க அரசுடன் வழக்கைத் தீர்த்துக்கொண்டது. எச்.டி.எம்.ஐ வயரால் வேறு கருவியைப் பூட்டிப் பார்த்தாலும் இந்த இனங்காணல் நடக்கக்கூடும் என்று 2024இல் வெளிவந்த பல்கலைக்கழக ஆய்வொன்று காட்டியது. அதாவது மடிக்கணினியை ரி.வியில் பூட்டிக் கலியாண வீடியோ பார்க்கும்போதும். இதை நிறுத்தும் தெரிவு அமைப்புப் பட்டியலில், தனியுரிமை அல்லது விதிமுறைகள் என்ற பகுதிக்குள் இருக்கும். சம்சுங்கில் "வியூவிங் இன்ஃபோமேஷன்", எல்ஜியில் "லைவ் பிளஸ்" என்று பெயர். விளம்பரச் சம்மதத்தையும் அங்கேயே எடுத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

அன்ட்ரொயிட் ரி.வி என்றால் ஒரு படி மேலே போகலாம். அமைப்பில் "பற்றி" என்ற பகுதிக்குப் போய், பில்ட் இலக்கத்தின்மேல் ஏழு தரம் அழுத்தினால் மேம்பாட்டாளர் தெரிவுகள் திறக்கும். அதில் யு.எஸ்.பி அல்லது வலையமைப்பு வழிப் பிழைதிருத்தத்தை இயக்கிவிட்டு, கணினியிலிருந்து ஏடிபி என்ற கூகுளின் இலவசக் கருவியால் இணையலாம். பெட்டியோடு வந்து அழிக்க முடியாமல் கிடக்கும் செயலிகளை இந்த வழியால் உறங்க வைக்கலாம். இங்கே அழகு என்னவென்றால், செயலி உண்மையில் அழிவதில்லை. அமைப்புப் பகுதியில் அப்படியே இருக்கும். உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் இல்லாமல் போகும். பிழைத்துவிட்டால் திரும்ப எழுப்பலாம், ரீசெட் செய்தாலும் எல்லாம் வந்துவிடும். பெயர் விளங்காத செயலிகளை ஒன்றாகக் கைவைக்காமல், ஒவ்வொன்றாக நிறுத்தி ஒருநாள் பாவித்துப் பாருங்கள். பழைய பெட்டி இதற்குப் பிறகு கொஞ்சம் உசாராக ஓடும். வேலை முடிந்ததும் அந்தப் பிழைதிருத்தத்தை அணைக்க மறக்கவேண்டாம். 2018இல் அதைத் திறந்து வைத்திருந்த அன்ட்ரொயிட் பெட்டிகளுக்குள் நாணயம் தோண்டும் புழு ஒன்று புகுந்து பரவியது.

இன்னுமொன்று: ரி.வியையும் பெட்டிகளையும் ரவுட்டரின் விருந்தினர் வை-ஃபையில் போடுங்கள். வீட்டுக் கணினியும் கைத்தொலைபேசியும் வேறு வலையில் இருக்கட்டும்.

உண்மையான மாற்றம்

மேலே சொன்னது எதுவும் போதாது, பெட்டியின் முழு அதிகாரமும் எனக்கு வேண்டும் என்பவர்களுக்கு ஒரே வழி, நிறுவனம் விட்ட ஓட்டை ஒன்றைப் பிடித்து உள்ளே போவது. இந்த முழு அதிகாரத்துக்கு ரூட் என்று பெயர். இந்த விஷயத்தில் இன்று நல்ல நிலையில் இருப்பது எல்ஜி பெட்டிகளுக்கான வெப்ஓஎஸ் ஆர்வலர் முயற்சி. 2021இல் "ரூட் மை ரி.வி" என்ற வழி வெளிவந்தது. ரி.வியின் உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து சரித்தால் போதும் என்ற அளவுக்கு அது இலகுவாக இருந்தது. எல்ஜி அந்த ஓட்டையை அடைத்தது. பின்னர் வேறு வழிகள் வந்தன, அவையும் அடைபட்டன. ஆகவே எந்த வழி உங்கள் பெட்டிக்குப் பொருந்தும் என்பது மாதிரி இலக்கத்தையும் நிலைபொருள் பதிப்பையும் பொறுத்தது. இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் எதையும் தேடத் தொடங்கவேண்டாம்.

ஆரம்பக்காரர் இதிலிருந்து கற்கவேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. இவர்கள் நிலைபொருளைத் திருப்பி எழுதுவதில்லை. முத்திரையிட்ட அமைப்புப் பகுதி இருந்தபடியே இருக்கும். எழுதக்கூடிய பகுதியில் ஒரு சிறு நிரலை வைத்து, பெட்டி எழும்பும்போது அதை ஓடவைத்து, வேண்டிய கோப்புகளைப் பழையவற்றின் மேல் போர்த்துவிடுகிறார்கள். எழும்பும்போது ஏதும் பிழைத்தால் அடுத்த முறை போர்வை இல்லாமல் எழும்பும் ஏற்பாடும் உண்டு. நிலைபொருளை நேரடியாக எழுதுவதோடு ஒப்பிட்டால் ஆபத்து எவ்வளவோ குறைவு. எந்த ரி.வியானாலும் முதலில் தேடவேண்டியது இப்படியான போர்வை முறையைத்தான்.

இதனால் என்ன பயன் என்றால், எனக்குப் பிடித்த உதாரணம் எழுத்துரு. பழைய ரி.விகளில் யு.எஸ்.பியால் படம் போட்டால் தமிழ்க் கோப்புப் பெயரும் தமிழ் உபதலைப்பும் சதுரம் சதுரமாக வரும். எழுத்துருக்கள் அமைப்புப் பகுதிக்குள் ஒரு அடைவில் கிடக்கும் சாதாரணக் கோப்புகள். ரூட் கிடைத்தால் தமிழ் உள்ள ஓர் எழுத்துருவை அதன்மேல் போர்த்தலாம். சில பெட்டிகளில் உடனே சரிவரும். சிலவற்றில் எழுத்து வரும், ஆனால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்: "கெ" என்பதற்குப் பதிலாகக் ககரமும் அதன் வலப்பக்கம் ஒரு கொம்பும். எழுத்துரு இருந்தால் மட்டும் போதாது, எழுத்துகளை ஒழுங்குபடுத்திக் கோக்கும் நிரலும் உள்ளே இருக்கவேண்டும் என்பதால் இது நடக்கிறது. எங்களுடைய மொழிக்கு இடம் விட்டார்களா இல்லையா என்பதும் நிலைபொருளில்தான் தீர்மானமாகிறது.

இதில் ஒரு சிக்கலை மறைக்கக்கூடாது. உங்களுக்கு உள்ளே போக உதவும் ஓட்டை கள்ளனுக்கும் உதவும். 2024 ஏப்பிரலில் பிட்டிஃபென்டர் நிறுவனம் எல்ஜி வெப்ஓஎஸ்ஸில் நான்கு ஓட்டைகளை வெளியிட்டது. கைத்தொலைபேசியை ரி.வியோடு இணைக்கும் சேவையில் இலக்கம் கேட்கும் படியைத் தாண்டிவிடலாம் என்பது அவற்றில் ஒன்று. அந்தச் சேவையை நேரடியாக இணையத்துக்குத் திறந்து வைத்த 91,000க்கு மேற்பட்ட சாதனங்கள் அப்போது இருந்தன. எல்ஜி அதற்கு முந்திய மாதமே திருத்தத்தை விட்டிருந்தது. ரூட்டைக் காப்பாற்றுவதற்காக இற்றைப்படுத்தலை நிறுத்தியவர் இந்தத் திருத்தத்தையும் சேர்த்தே நிறுத்துகிறார். அப்படிச் செய்பவர் ரி.வியை விருந்தினர் வலையிலாவது வைக்கவேண்டும். நெற்ஃபிளிக்ஸ், யூரியூப் பார்ப்பது மட்டுமே தேவை என்ற வீட்டுக்கு ரூட் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

மறுபக்கம், நிறுவனத்தின் இற்றைப்படுத்தலும் எப்போதும் நன்மை என்று சொல்லமுடியாது. 2017 ஓகஸ்ட்டில் சம்சுங் அனுப்பிய ஒன்று பிரித்தானியாவில் புத்தம்புதிய விலைகூடிய ரி.விகள் சிலவற்றை முடக்கிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எதையும் அழுத்தவில்லை.

பழகுவதற்கு ஏற்ற பெட்டி

கை பழக ரி.வியில் தொடங்காதீர்கள். மேலே வை-ஃபையைத் துண்டித்து வைக்கச் சொன்ன அந்தக் கறுப்புப் பெட்டியை எடுங்கள். அடியில் உள்ள ஒட்டுத்தாளில் அல்லது அமைப்புப் பட்டியலில் சிப்பின் பெயரைப் பாருங்கள். அம்லொஜிக் என்று இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். கோர்எலெக் என்ற இலவச அமைப்பு அந்தச் சிப்புகளுக்கென்றே செய்யப்படுகிறது. இது கோடி என்ற ஊடக இயக்கியை மட்டும் சுமந்த ஒரு சிறு லினக்ஸ். அம்லொஜிக் அல்லாத சிலவற்றுக்கு லிப்ரெஎலெக் இருக்கிறது.

வேலை இப்படி. கோர்எலெக் கோப்பைக் கணினியில் இறக்கி ஒரு மைக்ரோ எஸ்டி கார்ட்டில் எழுதவேண்டும். வெறுமனே பிரதி செய்தால் போதாது, வட்டு விம்பம் எழுதும் கருவியால் எழுதவேண்டும். எழுதி முடிந்ததும் கார்ட்டுக்குள் பல சாதன விபரக் கோப்புகள் இருக்கும். உங்கள் சிப்புக்கும் நினைவக அளவுக்கும் உரிய ஒன்றைத் தெரிந்து, வெளிப்புற அடைவில் குறிப்பிட்ட பெயரில் வைக்கவேண்டும். அநேகர் இடறுவது இங்கேதான். பிழையானதை வைத்தால் திரை கறுப்பாக நிற்கும், அல்லது வலையமைப்பு வராது. பயப்படத் தேவையில்லை, கார்ட்டைக் கழற்றி வேறொன்றை வைத்துப் பாருங்கள். பிறகு கார்ட்டைப் பெட்டியில் போட்டு, மின்சாரம் கொடுக்கும் நேரம் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடிக்கவேண்டும். பல பெட்டிகளில் அந்தப் பொத்தான் ஏ.வி துவாரத்தின் அடியாழத்தில் ஒளிந்திருக்கும். பல்லுக்குத்தும் குச்சியால் அழுத்தினால் ஒரு மெல்லிய சொடுக்குத் தட்டுப்படும். சில விநாடிகளில் கோர்எலெக்கின் சின்னம் திரையில் வரும்.

உள்ளே இருக்கும் அன்ட்ரொயிட் இதனால் அழியவில்லை, ஓடாமல் கிடக்கிறது. கார்ட்டைக் கழற்றினால் பழையபடி எழும்பும். பழகுவதற்கு இது நல்லது, ஏனென்றால் எதையும் உடைக்கமாட்டீர்கள். பாதுகாப்புக்கு இது முழுத் தீர்வு அல்ல. பூட்லோடர் இன்னும் அந்தப் பெயர் தெரியாத ஆளுடையதுதான். ஆகவே இணையம் கொடுக்காமல், ஒரு யு.எஸ்.பி வட்டைப் பூட்டி, பழைய வீடியோ நாடாக்களிலிருந்து மாற்றிய கலியாண, சாமத்தியவீட்டுப் பதிவுகளைப் பார்க்கும் பெட்டியாக வைத்திருங்கள். அதற்கு இது தாராளமாகப் போதும். கார்ட்டைக் கழற்றவேண்டாம் என்று மேலே ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள், மருமக்கள் வந்தால் கழற்றுவார்கள்.

எங்கே பிழைக்கும்

ரி.வியில் நிலைபொருளைப் பதிக்கும்போது பெரும்பாலும் பிழைப்பது கோப்புப் பொருத்தம். ஒரே மாதிரி இலக்கத்தில் வரும் இரண்டு ரி.விகளுக்குள் வேறு வேறு நிறுவனத்தின் திரைகள் இருக்கலாம். மற்றத் திரைக்குரிய கோப்பைப் பதித்தால் படம் தலைகீழாக வரும், நிறங்கள் குழம்பும், சில நேரம் ஒன்றுமே வராது. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ ரி.வி திருத்துபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்கள் பழைய பெட்டிகளுக்குப் பொதுவான மாற்றுப் பலகை ஒன்றைப் பூட்டும்போது, திரையின் அளவுக்கும் இணைப்பு வகைக்கும் ஏற்ற கோப்பை யு.எஸ்.பி குச்சியில் போட்டு ஏற்றுவார்கள். விளக்கு சிமிட்டி முடியும்வரை மின்சாரத்தை நிறுத்தமாட்டார்கள். புலம்பெயர் நாடுகளில் பழுதான பெட்டியை எறிந்துவிடுகிறோம். அந்த அறிவு அங்கே கைத்தொழிலாக இருக்கிறது.

நிறுவனம் தரும் கோப்பையே யு.எஸ்.பியால் ஏற்றுவது பாதுகாப்பான பயிற்சி. எல்ஜியில் குச்சிக்குள் குறிப்பிட்ட பெயரில் ஓர் அடைவு செய்து கோப்பை அதில் வைப்பார்கள். முறை அவர்களின் உதவிப் பக்கத்திலேயே இருக்கிறது. நடுவில் மின்சாரம் போனால்? பூட்லோடர் தப்பியிருந்தால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். பூட்லோடரும் போய்விட்டால் பெட்டி செங்கல்தான். இந்தத் துறையில் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு சிப்பைக் கழற்றி எழுதத் தெரிந்தவரிடம்தான் போகவேண்டும்.

அன்ட்ரொயிட் பெட்டிகளில் பூட்லோடரைத் திறப்பவர்கள் இன்னொன்றை இழக்கலாம். படங்களின் உரிமைப் பாதுகாப்புச் சாவிகள் பெட்டிக்குப் பெட்டி வேறாக உள்ளே பதிந்திருக்கும். அவை போனால் நெற்ஃபிளிக்ஸ் ஓடும், ஆனால் மங்கிய தரத்தில். திரும்பப் பெறுவது கடினம்.

ரி.வியின் பின்மூடியைக் கழற்றவேண்டாம். வயரைக் கழற்றிய பிறகும் மின்வழங்கிப் பலகையின் கொள்ளளவிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். இதற்கு அனுபவம் உள்ளவர் பக்கத்தில் வேண்டும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. உங்கள் சொந்த ரி.வியில் செயலிகளை ஓடவைப்பதற்காகப் பூட்டைத் திறப்பதற்கு அமெரிக்காவில் 2015இலிருந்து விதிவிலக்கு இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படுகிறது. கனடாவில் 2024 நவம்பரில் நிறைவேறிய இரண்டு சட்டங்கள் திருத்துவதற்கும் பிற சாதனங்களோடு இணங்கச் செய்வதற்கும் பூட்டைத் தாண்ட இடம் கொடுத்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சிலிருந்து உள்ள விதிப்படி, ஒரு மாதிரியின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்து 8 வருடம்வரை அதன் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் இலவசமாகக் கிடைக்கவேண்டும். பிரித்தானியாவில் 2024 ஏப்பிரல் 29 முதல், எவ்வளவு காலம் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் தருவார்கள் என்பதை விற்கும்போதே சொல்லவேண்டும். கடையில் கேளுங்கள். திருட்டுச் சனல் ஏற்றிய பெட்டி இந்த எதற்குள்ளும் வராது. அதை விற்பது உரிமை மீறல் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இலேயே தீர்ப்பளித்துவிட்டது. உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும் ரி.வியில் ரூட் செய்தால் நிறுவனம் கையை விரிக்கலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

கடைசியாக, பலர் கேட்கும் ஒரு கேள்வி. கனடாவில் வாங்கிய ரி.வியை ஊருக்கு அனுப்பினால், நிலைபொருளை மாற்றி அங்கே சனல் எடுக்க முடியுமா? முடியாது. வட அமெரிக்கப் பெட்டியின் ரியூனர் ஏ.ரி.எஸ்.சி என்ற முறைக்கானது. அலையைப் பிடித்துப் பிரிப்பது ஒரு வன்பொருள். பராமரிப்புப் பட்டியலில் நாட்டை மாற்றினால் பெயர் மாறும், வன்பொருள் மாறாது. அங்கே எச்.டி.எம்.ஐயால் ஒரு செய்மதிப் பெட்டியைப் பூட்டிப் பார்க்கலாம். அனுப்ப முன்னர் பின்பக்க ஒட்டுத்தாளில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 120 மட்டும் என்றால் ஊரில் 230இல் போட்ட அன்றே எரிந்துவிடும். பெட்டியில் அடைக்க முன்னர் எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி ஃபக்டரி ரீசெட் செய்யுங்கள்; பிறகு கைத்தொலைபேசியில் கூகுள், நெற்ஃபிளிக்ஸ் கணக்குகளின் சாதனப் பட்டியலைத் திறந்து அந்த ரி.வியின் பெயரை அங்கிருந்தும் எடுத்துவிடுங்கள்.